ஆளுநர் படத்துக்குள் ஜூராகான்

எங்கள் மாகாண ஓவியக் கூடத்தில் படங்களை யாரும் பார்ப்பதில்லை. அங்கே பார்க்க வேண்டியது சட்டகங்களை. கிண்டலுக்குச் சொல்லவில்லை, வாசலிலேயே பலகை மாட்டியிருக்கிறார்கள்: ‘சட்டகங்களைத் தொடாதீர்கள்.’ படத்தைத் தொடுவது பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கும் ஓவியத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கோக்-தாலா கிராமத்திலிருந்து நகரத்துக்கு வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். பக்கத்து வீட்டு தொக்தோசுன் அண்ணனை ஒருநாள் அந்தக் கூடத்துக்கு ஏற்றிப் போனேன். அன்றோடு என் நிம்மதி போனது.

தொக்தோசுன் அண்ணன் மலைப்பாதையில் லாரி ஓட்டி முதுகு தேய்ந்த மனிதர். அவர் மனைவி ஜூராகான் அக்கா போன பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். வருஷம் திரும்புவதற்குள் கல் நட வேண்டும், ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போட வேண்டும். கறுப்புக் கல்லில் முகத்தைப் புள்ளி புள்ளியாகப் பொறித்து நடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். முகமில்லாத கல்லை நட்டால் நாதியற்றுச் செத்தவள் என்பார்கள்.

அக்காவின் முகத்துக்கு எங்கே போவது? வெள்ளம் வந்து வீட்டின் ஒரு மூலையை அடித்துக்கொண்டு போனபோது ஆல்பமும் சேர்ந்து போனது. போனில் எடுத்த படங்களில் எல்லாம் அக்காவின் உள்ளங்கைதான் இருக்கிறது. கேமராவைக் கண்டால் முகத்தை மறைத்துக்கொள்கிற ரகம் அவள். மிச்சம் இருந்தது பாஸ்போர்ட் படம் ஒன்று. அதைப் பற்றி அவளே படுக்கையில் கிடந்தபடி சொல்லிவிட்டாள்: “என் கல்லுல அந்தப் பாஸ்போர்ட் மூஞ்சியப் போட்டீங்க, எந்திரிச்சு வந்து அடிப்பேன். நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிற படம் டவுன்ல இருக்குல்ல? அதப் போடுங்க.”

அது உண்மைதான். அக்கா கல்யாணமாகி வந்த வருஷம், கோடை மேய்ச்சல் நிலத்துக்கு ஓர் ஓவியர் வந்திருந்தார். குதிரைப் பால் கறக்கிற நேரத்தைப் பெரிய கித்தானில் வரைந்தார். நிறையக் குதிரைகள், குட்டிகள், கூடாரம். வலது ஓரத்தில், கையில் வாளியோடு, கம்மல் ஆடச் சிரித்துக்கொண்டு ஜூராகான். அந்தப் படம் அப்போதிருந்து எங்கள் மாகாண ஓவியக் கூடத்தில் தொங்குகிறது. தொக்தோசுன் அண்ணன் லாரியில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வருவார். முதுகு போய் வண்டியை விட்ட பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

“ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வந்துடலாம்டா. பத்து நிமிஷ வேலை” என்றார். நானும் நம்பி வண்டியை எடுத்தேன்.

வாசலில் நஸ்கூல் என்ற வழிகாட்டிப் பெண் எங்களைப் பிடித்துக்கொண்டாள். தனியாகப் போய்ப் பார்க்கக்கூடாதாம். கையில் நீளமான குச்சி வைத்திருந்தாள்.

“இந்தச் சுவர்ல நீங்க பாக்குறது பிரேம். தங்கப்பூச்சு. நாலு மூலையிலயும் திராட்சைக் கொத்து. வெளிநாட்டு நற்பணி மன்றம் ஒண்ணு நம்ம மாகாணத்துக்குக் குடுத்த நன்கொடை. எல்லாமே ஒரே அளவு. கவனிச்சீங்களா?”

“அதுக்குள்ள இருக்குறது என்னம்மா?” என்று கேட்டேன்.

அவள் குச்சியை இறக்கிவிட்டுச் சட்டகத்துக்குள் உற்றுப் பார்த்தாள். “அது வந்து... ஒரு ஏரிங்க” என்றாள்.

சட்டகங்கள் வந்து இறங்கிய அன்று இங்கே நடந்த கூத்தையும் அவளே பெருமையாகச் சொன்னாள். எங்கள் வீடுகளில் புது மருமகளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைப்போம். முகம் பார்க்க வருகிறவர்கள் மொய் வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த மாதிரி, வெற்றுச் சட்டகங்களைத் திரைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தி, அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து மொய் வைத்துப் பார்த்தார்களாம். ஒருவர் கண் கலங்கினாராம். படங்களை அப்போது நிலவறையில் குவித்து வைத்திருந்தார்கள்.

கடைசிக் கூடத்தில் குதிரைப் பால் படம் இருந்தது. தொக்தோசுன் அண்ணன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேகமாகப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

படத்தில் குதிரைகள் இருந்தன. குட்டிகள் இருந்தன. கூடாரத்தில் பாதி இருந்தது. வலது ஓரத்தில் வாளியின் கைப்பிடியும் அதைப் பற்றிய நான்கு விரல்களும் இருந்தன. விரல்களுக்கு அப்புறம் தங்கத் திராட்சை.

“இது அவ கை” என்றார் அண்ணன். “ஆள் எங்கம்மா?”

நஸ்கூல் குச்சியால் ஓரத்தைக் காட்டினாள். “பிரேம் இங்க முடியுதுங்க. அதனால படமும் இங்க முடியுது.”

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் மறுபடி அந்த விரல்களைப் பார்த்தார். இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்று நஸ்கூலிடம் சொன்னேன்.

கூடத்தின் இயக்குநர் ரயிம்பெக் ஒஸ்மோனோவிச் எங்களை மரியாதையாக உட்கார வைத்தார், டீயும் கொடுத்தார். அவருக்குப் பேசுவதென்றால் உயிர் என்பது முதல் வாய் டீயிலேயே தெரிந்துவிட்டது.

“வெட்டிட்டீங்களான்னு கேக்குறீங்க. அந்த வார்த்தையே தப்பு பெரியவரே. ஓவியத்த நாங்க சரிப்படுத்தினோம். பிரச்சினை என்னன்னா, பிரேம் எல்லாம் ஒரே அளவு. ஓவியருங்க இருக்காங்களே, அவங்களுக்கு ஒழுங்கே கிடையாது. ஒருத்தன் பெருசா வரைவான், ஒருத்தன் சின்னதா வரைவான். குழு கூட்டிப் பேசினோம். பெரிய படத்தச் சரிப்படுத்துறது, சின்னப் படத்துக்கு இட்டு நிரப்புறதுன்னு முடிவாச்சு. யாரும் எதிர்க்கல.”

“பிரேமை வெட்டியிருக்கலாமே?” என்றேன்.

தாயை அடி என்று நான் சொன்னதுபோல அவர் முகம் போனது. “நன்கொடைப்பா! விமானத்துல வந்தது! ஓவியம் இங்கயே கிடந்தது. எது உசத்தி?”

தொக்தோசுன் அண்ணன் மெதுவாகக் கேட்டார்: “அய்யா, பெரிய படமெல்லாம் எனக்கு வேணாம். வெட்டினதுல ஒரு துண்டு இருக்கும்ல? அதுல என் சம்சாரம் இருக்கா. அவ முகத்த ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறேன். கல்லுல போடணும். குப்பையில போட்டுட்டீங்களா?”

“குப்பையிலயா!” இயக்குநர் எழுந்தே விட்டார். “அரசாங்கச் சொத்துல ஒரு நூல் இங்க வீணாகாது. வாங்க, காட்டுறேன்.”

முன்கூடத்தில், நடுச் சுவரில், ஆளுநர் படம் இருந்தது. எல்லா அலுவலகத்துக்கும் போகிற அதே சின்னப் புகைப்படம். அதே பெரிய தங்கச் சட்டகம். ஆளுநரைச் சுற்றி நாலு பக்கமும் சிவப்பு வெல்வெட் புசுபுசுவென்று உப்பிக்கொண்டிருந்தது. மெத்தைக் கடையில் தலையை நீட்டிக்கொண்டிருப்பவர் மாதிரி தெரிந்தார் மனிதர்.

“படம் சின்னது, பிரேம் பெருசு. சும்மா விட்டா அய்யா உள்ளுக்குள்ள ஆடுவாரு. கவர்னர் ஆடலாமா? அதான் மிச்சமான கித்தான் துண்டையெல்லாம் சுருட்டி, வெல்வெட்டுக்கு அடியில சுத்தி வச்சு ஆணி அடிச்சோம். உங்க வீட்டம்மா...” அவர் அண்ணாந்து யோசித்தார். “வலப்பக்கம். அய்யாவோட தோளுக்குப் பக்கத்துல. நல்ல இடம். எத்தனை பேருக்குக் கிடைக்கும் சொல்லுங்க?”

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “கழட்டி ஒரு நிமிஷம்...”

“கவர்னரக் கழட்டுறதா?” இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். “அதுக்கு கவர்னரோட சம்மதம் வேணும். சம்மதம் கேட்டா எதுக்குன்னு கேப்பாரு. உள்ள என்ன இருக்குன்னு சொல்லணும். சொன்னா என் வேலை போயிரும். நீங்களே சொல்லுங்க, நியாயமா இது?”

அன்றிலிருந்து தொக்தோசுன் அண்ணன் அலையாத அலைச்சல் இல்லை. கலாசாரத் துறையில் போய் நின்றார். இறந்தவர்கள் விவகாரம் எங்களுடையதல்ல என்றார்கள். இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். ‘உங்கள் மனைவி இருக்கும் இடம்?’ என்று கேட்டார்கள். ஆளுநர் படத்துக்குள் என்றார். கதவைக் காட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பி வந்து என் காரில் உட்காருவார். பாதி வழி வந்ததும், “கித்தானுக்குப் பூச்சி வருமாடா?” என்பார். நான் ரேடியோவைப் போட்டுவிடுவேன்.

கடைசியில் இயக்குநரே மனமிரங்கி ஒரு வழி சொன்னார். புது மருமகள் முகம் பார்க்க மொய் வைக்கிற மாதிரி ஏதாவது வைத்தால், குழுவிடம் பேசி, படத்தின் பின்பக்கத்தையாவது காட்டலாம். அண்ணன் ஒரு நல்ல கிடாயைக் கொண்டுபோய்க் கட்டினார். என் கார் டிக்கியில்தான் வந்தது அது. இரண்டு ஆட்கள் ஆளுநர் படத்தைச் சுவரிலிருந்து ஒரு கை அளவுக்கு முன்னால் இழுத்துப் பிடித்தார்கள். பின்னால் பழுப்புக் காகிதம் ஒட்டி முத்திரை குத்தியிருந்தது.

“இந்தக் காகிதத்துக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. நல்லாப் பாத்துக்கங்க” என்றார் இயக்குநர். “அவசரமே இல்ல.”

அண்ணன் கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு அந்தப் பழுப்புக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கூடத்தின் பின்கட்டில் கிடாய் கத்தியது. பிறகு கத்தவில்லை.

வருஷத் திதி நெருங்கியது. கல் வந்து இறங்கிவிட்டது, முகம் இல்லாமல். ஜூராகான் அக்காவின் தங்கை காலிச்சா பக்கத்து ஊரிலிருந்து வந்தாள். வாய்க்காரி. சந்தையில் அவள் பேரம் பேச வந்தால் கடைக்காரர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“ஏன் அத்தான், நீங்க எல்லாம் ஆம்பளைங்கதானா? அக்காவச் சுருட்டி எவனோ தோளுக்குப் பக்கத்துல சொருகி வச்சிருக்கான், நீங்க அவனுக்குக் கிடாய் கட்டிட்டு வந்திருக்கீங்க!”

“வேற என்ன செய்யச் சொல்ற?”

“ஒப்பாரி எங்க வைக்கணும்? செத்தவ எங்க இருக்காளோ அங்க. உடம்பு இங்க மண்ணுல இருக்கு, முகம் அங்க இருக்கு. நாங்க அங்க போறோம்.” என் பக்கம் திரும்பினாள். “டேய், வண்டியில எத்தனை பேர் உக்காரலாம்?”

எத்தனை பேர் உட்காரலாம் என்பது வேறு, அவள் எத்தனை பேரை ஏற்றினாள் என்பது வேறு. போலீஸ்காரன் பார்க்காதது என் அதிர்ஷ்டம்.

எங்கள் பெண்கள் ஒப்பாரி வைக்கும்போது கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்காருவார்கள். கறுப்பு உடுத்தியவர்கள் ஆளுநர் படத்துக்குக் கீழே வரிசையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். இடுப்பில் கை ஊன்றிக்கொண்டார்கள். தொக்தோசுன் அண்ணன் கைத்தடியில் சாய்ந்து வாசலில் நின்றார். காலிச்சா தொடங்கினாள்:

“கம்மல் ஆடச் சிரிச்சவளே, என் அக்கா!
கதவு இல்லாத வீட்டுக்குள்ள போனியே!
கூட்டத்துல சிரிச்ச முகம்
கும்மிருட்டுல கிடக்குதே!”

அந்தக் கூடமே அதிர்ந்தது. அண்ணன் “என் துணையே! என் துணையே!” என்று கதறினார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. அடக்கம் செய்த அன்றுகூட அழாத மனிதர்.

இயக்குநர் ஓடி வந்தார். ஆளுநர் படத்தைப் பார்த்தார், அழுகிற பெண்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உடனே மாகாணத் தொலைக்காட்சிக்குப் போன் போட்டார். கேமரா வந்ததும் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

“நேயர்களே, என் பின்னாடி நீங்க பாக்குறது மக்களோட அன்பு. யாரும் கூப்பிட்டு வரல இவங்க. மலைக்கிராமத்துலருந்து தானா வந்து நம்ம கவர்னர் அய்யா படத்துக்கு முன்னாடி கண்ணீர் விடுறாங்க. எதனால? நல்ல பிரேம். சாதாரண பிரேமா இருந்தா இந்த உணர்ச்சி வருமா? கலைன்னா என்னன்னு இன்னைக்குத்தான் நம்ம மாகாணம் புரிஞ்சுக்கிச்சு!”

சாயங்காலச் செய்தியில் முதலில் போட்டார்கள். காலிச்சாவின் வார்த்தைகள் கேட்கவில்லை, இயக்குநரின் பேச்சுதான் கேட்டது. ஆனால் அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே பார்த்தவர்களுக்குப் போதுமானது கிடைத்துவிட்டது: ஆளுநரின் படம், அதற்குக் கீழே சுவரைப் பார்த்து ஒப்பாரி வைக்கிற, கறுப்பு உடுத்திய பெண்கள், வாசலில் தடியூன்றிக் கதறுகிற ஆண். இதைப் பார்க்கிற எங்கள் ஆள் எவனுக்கும் ஒரே அர்த்தம்தான்: ஆளுநர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆளுநரின் சொந்த ஊரில் அவருடைய அம்மா மாரடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தாளாம். சித்தப்பன் மகன்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆளுநர் மாளிகை முற்றத்தில் எவனோ துக்கக் கூடாரத்துக்குக் கம்பு நட ஆரம்பித்துவிட்டான். துணை ஆளுநர் கறுப்புச் சூட் போட்டுக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி வந்தாராம். அவசரமாக வந்ததில் ஆளுநர் நாற்காலியில் மட்டும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டாராம். இதையெல்லாம் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் ஆளுநர். கையில் சூப் கிண்ணத்தோடு.

மறுநாள் காலையில் அவரே கூடத்துக்கு வந்தார். நாங்களும் அங்கே இருந்தோம். ஒப்பாரியை ஒரே நாளில் முடிக்க முடியாது என்று காலிச்சா சொல்லிவிட்டாள். உயிரோடு வந்த ஆளுநரைப் பார்த்ததும் நஸ்கூல் குச்சியைக் கீழே போட்டுவிட்டு அலறினாள்.

“எவன்டா என்னச் சாகடிச்சவன்?” என்றார் ஆளுநர்.

இயக்குநர் ஓடி வந்து குனிந்தார். “அய்யா, அது அன்புங்க அய்யா... மக்கள் உணர்ச்சிவசப்பட்டு...”

“அன்பா? உசுரோட இருக்குறவன் படத்துக்குக் கீழ ஒப்பாரியா? எங்கம்மா மயங்கிக் கிடக்குறா. துணை கவர்னர் என் நாற்காலிக்கு மெத்தை மாத்தச் சொல்லியிருக்கான்! கழட்டு. இப்பவே கழட்டு. துக்கம் பட்ட எதுவும் என் படத்த ஒட்டி இருக்கக்கூடாது. எல்லாத்தையும் பிச்சு எறி!”

அத்தனை மாதம் அத்தனை அலுவலகத்தில் நடக்காத வேலை, இரண்டு வாய் டீ குடிப்பதற்குள் நடந்தது. பழுப்புக் காகிதம் கிழிந்தது. வெல்வெட் கழன்றது. சுருள் சுருளாகக் கித்தான் தரையில் விழுந்தது. ஒரு சுருளில் ஏரியின் கரை, ஒன்றில் யாருடையதோ கால், ஒன்றில் பாதி மலை. ஆளுநர் அந்தக் கண்றாவியை எல்லாம் பார்க்கவில்லை. தன் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

காலிச்சா தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு சுருளாகப் பிரித்தாள். நாலாவதோ ஐந்தாவதோ, பிரித்தவள் அதைத் தரையில் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தான், இங்க வாங்க.”

ஜூராகான் சிரித்துக்கொண்டிருந்தாள். கம்மல் இருந்தது, நெற்றியில் விழுந்த முடி இருந்தது. சுருட்டி வைத்ததில் கழுத்துப் பக்கம் வண்ணம் வெடித்து உதிர்ந்திருந்தது. இடது கன்னத்தில், சிரிக்கும்போது குழி விழுமே அந்த இடத்தில், ஆணி இறங்கிய ஓட்டை ஒன்று. சுற்றிலும் துரு.

அண்ணன் கித்தானை மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஓட்டையை விரலால் மூடினார், எடுத்தார், மறுபடி மூடினார்.

“மொய் வைங்க அத்தான். முகம் பாத்துட்டீங்கல்ல?” என்றாள் காலிச்சா.

அவர் பையில் துழாவினார். ஒன்றும் இல்லை. இந்தக் கூடத்துக்கு அலைந்ததிலேயே எல்லாம் போய்விட்டது. தொப்பியைக் கழற்றி, அவள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

இயக்குநர் அப்போது சட்டகத்தில் கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லில் முகம் பொறிக்கிறவன் கித்தானை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “நல்ல முகம் பெரியவரே. கன்னத்து ஓட்டைய மூடிடறேன். கல்லுல தெரியாது” என்றான்.

“மூடாத” என்றார் அண்ணன். “அப்படியே போடு. யாரு அடிச்சதுன்னு நாலு பேர் கேக்கட்டும்.”

வருஷத் திதிக்கு ஊரே வந்தது. கூப்பிடாமலே ரயிம்பெக் ஒஸ்மோனோவிச்சும் வந்தார். அவர் வேலை போகவில்லை. போனது நஸ்கூலின் வேலை, குச்சியைக் கீழே போட்டதற்காக. முதலில் கறிச்சோறு சாப்பிட்டார். விரலைத் துடைத்துக்கொண்டு அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பெரியவரே, அந்தத் துண்டு அரசாங்கச் சொத்து. பழைய கவர்னர மாத்திட்டாங்க, புது கவர்னர் வரப்போறாரு. அவரோட படமும் சின்னதாத்தான் வருமாம். இட்டு நிரப்பத் துண்டு பத்தல.”

“அவ தலைமாட்டுல வச்சு, மேல கல்ல நட்டுட்டேன் அய்யா” என்றார் அண்ணன். “சுருட்டல. மடிக்கல. விரிச்சு வச்சிருக்கேன்.”

இயக்குநர் வருத்தப்பட்டுத் தலையை ஆட்டினார். வந்ததற்கு மரியாதையாகக் கல்லறைக்கும் நடந்து வந்தார். கல்லுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு மனிதன் கூச்சப்படுவதை இன்றாவது பார்க்கலாம் என்று நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

“கன்னத்துல என்ன அது? கல்லுல பழுதா?” என்றார்.

“இல்லய்யா. உங்க ஆணி” என்றார் அண்ணன்.

அவர் குனிந்து அந்த ஓட்டையை உற்றுப் பார்த்தார். நிமிர்ந்தார். இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கல்லின் நாலு ஓரத்தையும் அளந்தார்.

“சுத்தி ஒரு பிரேம் போட்டிருந்தீங்கன்னா, அது கண்ணுல பட்டே இருக்காது” என்றார்.